வளரும் நாடுகளின் பார்மசி கல்விக்கும் சேவைக்கும் உதவி: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்மசி படிக்கும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், கோயில் சங்கத்தினர், பொதுநலக் குழுவினர் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பினாங்கில் மருந்தாளர். அரசு மருத்துவமனையில் வேலை பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களோடும் பழகியிருக்கிறேன். சில பதில்களில் என் சொந்தக் கருத்து தலைகாட்டும். அதை மறைக்கவில்லை.

உதவி என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பதுதானே? கல்விக்கு எதற்கு உதவி?

மருந்து வாங்குவது பாதி வேலைகூட இல்லை. எந்த மருந்து தேவை, எவ்வளவு தேவை என்று கணக்குப் போட ஆள் வேண்டும். டெண்டர் விடத் தெரிய வேண்டும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று கணக்கிட வேண்டும். கடைசியில், பாட்டியிடம் அந்த மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவருக்குப் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கிடங்கில் மருந்து இருக்கும், நோயாளிக்குப் போய்ச் சேராது. பல நாடுகளில் நடப்பது இதுதான். அதனால்தான் ஆள் தயாரிக்கும் வேலையில் நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

இதற்கும் பினாங்குக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. மலேசியாவின் முதல் பார்மசி பள்ளி இங்கேதான், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், 1972ல் தொடங்கியது. அதற்கு முன் பார்மசி படிக்க வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோதான் போக வேண்டும். ஆசிய நாடுகளுக்கு உதவ நாடுகள் சேர்ந்து நடத்திய கொழும்புத் திட்டத்தின் உபகாரச் சம்பளத்தில் வெளிநாடு போய்ப் படித்த மலேசியர்கள் ஏராளம். அதாவது நாமே ஒரு காலத்தில் கை நீட்டி உதவி வாங்கியவர்கள்.

பிறகு காற்று திசை மாறியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கெளுகோர் வளாகத்துக்கு முதுகலை படிக்கவும் முனைவர் பட்டம் வாங்கவும் ஏமன், ஈராக், சூடான், லிபியா, நைஜீரியா, பாகிஸ்தான், நேபாளம் என்று பல நாடுகளிலிருந்து மருந்தாளர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் ஊர் திரும்பி அங்குள்ள கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். அதே வளாகத்தில் 1994ல் தேசிய நச்சு மையம் அமைந்தது. அதன் முதல் இயக்குநர் சுல்கிப்ளி அப்துல் ரசாக் ஒரு பார்மசிக்காரர். பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார், அனைத்துலகப் பல்கலைக்கழகச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் ஒரு கதை உண்டு. நம் இளைஞர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாதது எனக்கு வருத்தம். அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்புக்கு ஆசிய பசிபிக் அலுவலகம் இந்தத் தீவில்தான் இயங்கியது. அதன் தலைவராக இருந்த அன்வர் ஃபசல் போன்றவர்கள் 1981ல் 'ஹெல்த் ஆக்‌ஷன் இன்டர்நேஷனல்' என்ற வலையமைப்பு உருவாகக் காரணமானார்கள். தேவையில்லாத மருந்துகளை ஏழை நாடுகளின் தலையில் கட்டும் வியாபாரத்தை எதிர்த்து, அத்தியாவசிய மருந்துகளுக்காகக் குரல் கொடுத்தது அந்த வலையமைப்பு. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் ஆபத்தான மருந்துகளைப் பற்றி விடாமல் எழுதியது. காப்புரிமையையும் மருந்து விலையையும் உலக அளவில் ஆராயும் 'மூன்றாம் உலக வலையமைப்பு' என்ற நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் பினாங்கில்தான்.

மலேசியாவே வளரும் நாடுதானே? நாம் எப்படி அடுத்தவருக்கு உதவுவது?

உலக வங்கிக் கணக்கில் நாம் உயர் நடுத்தர வருமான நாடு. பணக்கார நாடும் இல்லை, பரம ஏழை நாடும் இல்லை. அதுவே ஒரு வசதி. பணத்தட்டுப்பாட்டில் மருத்துவமனை நடத்துவது எப்படி என்று நமக்குத் தெரியும், லண்டனிலிருந்து வருபவருக்கு அது புத்தக அறிவு. 1980ல் தொடங்கிய மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் மற்ற வளரும் நாட்டு அதிகாரிகள் இங்கு குறுகிய காலப் பயிற்சிக்கு வருகிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை 1996 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம். மருந்துப் பதிவையும் ஆய்வகச் சோதனையையும் கற்றுக்கொள்ள அங்கு வெளிநாட்டவர் வருவது வழக்கம்.

உலக அளவில் இதை யார் நடத்துகிறார்கள்?

ஹேக் நகரில் தலைமையகம் கொண்ட அனைத்துலக மருந்தாளர் கூட்டமைப்பு பழையது, 1912ல் உருவானது. அது உலகச் சுகாதார நிறுவனம், யுனெஸ்கோ ஆகியவற்றோடு சேர்ந்து பார்மசி கல்விக்கென்று ஒரு பணிக்குழு அமைத்தது. 2016ல் சீனாவின் நான்ஜிங்கில் கூடிய மாநாட்டில் மருந்தாளர் பணிப்படைக்கு 13 இலக்குகள் வகுத்தார்கள். 2020ல் அவை 21 ஆக விரிந்தன. காமன்வெல்த் மருந்தாளர் சங்கம் 1970லிருந்து இருக்கிறது. ஆண்டிபயாடிக் மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்த, பிரிட்டிஷ் மருத்துவமனைகளையும் கானா, உகாண்டா, தான்சானியா, சாம்பியா போன்ற நாடுகளின் மருத்துவமனைகளையும் ஜோடி சேர்த்து அது ஒரு திட்டம் நடத்தியது.

இலக்குப் பட்டியல்கள் எனக்குப் பெரிதாக உற்சாகம் தருவதில்லை. ஆனால் ஒரு பயன் உண்டு: ஒரு நாட்டின் மருந்தாளர் சங்கம் தன் அமைச்சிடம் போய் "உலகமே ஒத்துக்கொண்டதைத்தான் கேட்கிறோம்" என்று மேசையில் காகிதத்தை வைக்கலாம்.

இரண்டு பல்கலைக்கழகங்கள் கைகோர்த்தால் நடைமுறையில் என்ன நடக்கும்?

முதலில் ஒப்பந்தம் கையெழுத்தாகும், படம் எடுப்பார்கள், நாளிதழில் வரும். பல ஒப்பந்தங்கள் அத்தோடு சரி. உயிரோடிருக்கும் ஒப்பந்தங்களில் ஒரு பொதுத்தன்மையைப் பார்க்கிறேன்: யாராவது ஒருவர் அங்கேயே போய்த் தங்கியிருப்பார்.

கென்யாவின் எல்டோரெட் நகரில் மோய் பல்கலைக்கழகத்தோடு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பார்மசி கல்லூரி பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. பர்டியூ மருந்தாளர்கள் அங்கேயே குடியிருந்து வார்டுகளில் பயிற்சி கொடுத்தார்கள். கென்ய மாணவர்களும் அமெரிக்க மாணவர்களும் ஒரே நோயாளியின் படுக்கையருகே நின்று கற்றார்கள். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமனைப் பார்மசி பாடத்தை வளர்க்க ஆஸ்திரேலிய மருந்தாளர்கள் உதவினார்கள். அங்கும் நல்ல விஷயம், உள்ளூர் ஆசிரியர்களே பாடத்தை எடுத்து நடத்தும் அளவுக்குத் தயாரானது.

எதிர்மாறான காட்சியும் உண்டு. ஓர் ஆய்வகத்தில் அன்பளிப்பாக வந்த, மருந்தின் அளவையும் தூய்மையையும் சோதிக்கும் எச்.பி.எல்.சி. இயந்திரம் துணி போர்த்தி நிற்பதைப் பார்த்திருக்கிறேன், எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். இயந்திரம் நல்ல நிலைமையில்தான் இருந்தது. அதற்கு வேண்டிய பிரிகுழாய் (column), கரைப்பான், உதிரிபாகம் எதற்கும் பட்ஜெட் இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை. கொடுத்தவர்களின் ஆண்டறிக்கையில் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: இயந்திரத்துக்கு முன்னால் ஆசிரியரைப் பாருங்கள். ஒரு கல்லூரியில் நிலையான சம்பளத்தில் இருக்கும் இரண்டு இளம் விரிவுரையாளர்களுக்கு மேற்படிப்பு கிடைக்கச் செய்து, அவர்கள் திரும்பி வந்து உட்கார நாற்காலியும் இருந்தால், அந்தக் கல்லூரி தானாக நகரும்.

மேல்நாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தரம் வந்துவிடாதா?

வராது. இந்தியாவைப் பாருங்கள். 2008ல் ஆறு ஆண்டு பார்ம்.டி. படிப்பு அங்கே தொடங்கியது. வார்டில் மருத்துவரோடு சேர்ந்து நோயாளியைப் பார்க்கும் மருந்தாளரை உருவாக்குவது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அரசு மருத்துவமனைகளில் அதற்கேற்ற பதவிகள் போதிய அளவு உருவாகவில்லை. படித்து முடித்த பிள்ளைகள் பலர் கம்பெனிகளுக்கும் மருந்துகளின் பக்கவிளைவுத் தரவைக் கையாளும் வேலைகளுக்கும் போகிறார்கள்.

பாடத்திட்டம் அந்த ஊரின் நோயிலிருந்தும் வேலையிலிருந்தும் தொடங்க வேண்டும். காசநோயும் மலேரியாவும் பாம்புக்கடியும் உள்ள ஊரில் அவற்றுக்கு முதலிடம். நம் ஊரிலேயே தனியார் கிளினிக்கில் மருத்துவரே மருந்தையும் கொடுத்துவிடுகிறார். சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போகும் பழக்கம் நமக்குக் குறைவு. இந்த நிலைமையைக் கணக்கில் எடுக்காமல் வேறு நாட்டுப் பாடத்தை இங்கே வைத்தால், மாணவருக்குப் பட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மருந்தாளரே இல்லாத ஊர்களில் என்ன செய்வது? பட்டதாரிகள் வரும் வரை காத்திருக்க முடியுமா?

முடியாது. இதற்கு நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'டிரெசர்' (தோட்ட மருத்துவமனை உதவியாளர்) யார் என்று சொல்லவே வேண்டாம். காய்ச்சல் மிக்சரைக் கலக்கிக் கொடுப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், யாரை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுப்பதும் அவர்தான். எல்லா டிரெசரும் சிறந்தவர் என்று சொல்ல வரவில்லை. என்ன காய்ச்சல் வந்தாலும் ஒரே மிக்சர்தான் என்று தோட்டத்துப் பெரியவர்கள் கேலி செய்வது உண்டு. ஆனாலும் அவர் இல்லாவிட்டால் யாருமே இல்லை. 1965ல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு சட்டமே வந்தது. பயிற்சி, பதிவு, மேற்பார்வை என்று அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு கிடைத்தது.

ஆப்பிரிக்காவில் மலாவி அதே பாதையில்தான் போகிறது. அங்குள்ள சுகாதார அறிவியல் கல்லூரி, 'வில்லேஜ் ரீச்' என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து பார்மசி உதவியாளர்களைத் தயாரித்தது. பயிற்சியில் பெரும் பங்கு வகுப்பறையில் இல்லை, கிராமத்துச் சுகாதார நிலையங்களில். அதுவரை தாதியரோ காவலாளியோகூட மருந்து எடுத்துக் கொடுத்த இடங்களில், இருப்புக் கணக்கும் அலமாரியும் தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தார். மருந்தாளர் சங்கங்கள் சில நாடுகளில் இப்படிப்பட்ட உதவியாளர்களை எதிர்க்கின்றன, வேலை போய்விடுமாம். பட்டதாரி யாரும் போகாத ஊரில் யாருடைய வேலை போகும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"தம்பி, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளையெல்லாம் சேர்த்து இலங்கைக்கோ இந்தியாவுக்கோ அனுப்பலாமா?"

வேண்டாம் அக்கா. நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் வேண்டாம்.

2004 கடல்கோளை நாம் மறக்கவில்லை, பினாங்கின் கடற்கரையிலும் உயிர்கள் போயின. நீரிணைக்கு அப்பால் ஆச்சே அழிந்தே போனது. அங்கு உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவிந்த மருந்து சுமார் 4,000 டன். அது யாருக்காக வந்ததோ அந்த மக்கள் 20 லட்சத்துக்கும் குறைவு. பிறகு கணக்கெடுத்தபோது பாதிக்கும் மேற்பட்டவை இந்தோனேசியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லை. பெரும்பாலானவற்றின் மேலுறையில் உள்ளூர் ஊழியர்களுக்குத் தெரியாத மொழி. சில காலாவதியானவை. வீடு இழந்தவர்களைக் கவனிக்க வேண்டிய ஊழியர்கள் மாத்திரைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதற்கு முன் போஸ்னியப் போரின்போதும் இதே கதைதான். பயன்படாத மருந்தே சுமார் 17,000 டன் என்று கணக்கிட்டார்கள். எரிக்கவும் அழிக்கவும் தனிச் செலவு.

இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 1996ல் மருந்து நன்கொடைக்கு விதிமுறைகள் வெளியிட்டது. அதன் சாரம் எளிது. பெறுபவர் கேட்டதை மட்டும் அனுப்புங்கள், கேட்காததை அனுப்பாதீர்கள். அந்த நாட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும். போய்ச் சேரும்போது குறைந்தது ஓர் ஆண்டாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும். ஒரு நோயாளியிடமிருந்து திரும்பி வந்த மருந்து கூடவே கூடாது. உங்கள் வீட்டு மாத்திரை இந்தக் கடைசி வகைதான். அது வெயிலில் இருந்ததா, காரில் கிடந்ததா யாருக்குத் தெரியும்?

2022ல் இலங்கையில் கடும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இங்கும் பலர் உதவத் துடித்தார்கள். அப்படி ஒரு நிலைமையில் சரியான வழி இது: குறிப்பிட்ட மருத்துவமனையின் மருந்துப் பிரிவிடமிருந்து தேவைப் பட்டியலைக் கையெழுத்தோடு வாங்குங்கள், அங்குள்ள தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியைப் பெறுங்கள், பிறகு பதிவுபெற்ற மொத்த வியாபாரியிடமிருந்து புதிதாக வாங்கி அனுப்புங்கள். கப்பல் செலவைப் பார்த்தால் சில சமயம் பணமாகக் கொடுப்பதே மேல்.

வீட்டில் மிஞ்சியதை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம், அதற்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. சிங்க்கில் கொட்ட வேண்டாம்.

போலி மருந்துகளைக் கண்டுபிடிக்க ஏழை நாடுகள் என்ன செய்கின்றன?

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரம் குறைந்ததாகவோ போலியாகவோ இருக்கலாம் என்று 2017ல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2022ல் காம்பியாவில் இருமல் சிரப் குடித்த சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. மருந்து தயாரானது இந்தியாவில். காம்பியாவில் அதைச் சோதிக்க அப்போது ஆய்வகம் இல்லை, மாதிரிகள் வெளிநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதே ஆண்டில் நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவிலும் குழந்தைகள் இறந்தார்கள்.

ஆய்வகம் கட்டக் காலம் பிடிக்கும். அதுவரை 'மினிலேப்' என்ற பெட்டி கைகொடுக்கிறது. ஜெர்மனியில் உருவானது. சூட்கேஸ் அளவுதான், அதில் மாத்திரையில் உள்ள பொருளைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகடுகளும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாத்திரைகளும் இருக்கும். மின்சாரம் சரியாக இல்லாத ஊரிலும் ஒரு மாத்திரையில் சொன்ன மருந்து இருக்கிறதா, ஏறக்குறைய சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எல்லாப் போலியும் இதில் சிக்காது. சிரப்பில் கலந்த நச்சைப் பிடிக்கத் தனிச் சோதனை வேண்டும். ஆனால் மாணவருக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடையாது.

இங்கே வாங்கும்போது 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளையும் பாருங்கள். இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி மாத்திரையில் இரண்டுமே இருக்காது.

விலை எட்டாத மருந்துகளுக்கு நாடுகள் சேர்ந்து ஏதாவது செய்திருக்கின்றனவா?

செய்திருக்கின்றன, அதில் மலேசியாவுக்கே ஒரு பெரிய பங்கு. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் சி நோய்க்கு வந்த சோஃபோஸ்புவிர் மருந்து அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று அறிமுகமானது. 2017ல் மலேசிய அரசு, காப்புரிமை இருந்தும், அரசுப் பயன்பாட்டுக்கு அனுமதி அளித்துக் குறைந்த விலையில் ஜெனரிக் (வேறு கம்பெனிகள் தயாரிக்கும் அதே மருந்து) வாங்க வழி செய்தது. இன்னொரு பக்கம், ராவிடாஸ்விர் என்ற துணை மருந்தை எகிப்து நிறுவனம் ஒன்றும் டி.என்.டி.ஐ. என்ற லாப நோக்கமற்ற அமைப்பும் மலேசிய, தாய்லாந்து மருத்துவமனைகளும் சேர்ந்து சோதித்தன. 2021ல் அது இங்கே நிபந்தனையோடு பதிவானது. பெரிய மேலைநாட்டுக் கம்பெனி எதுவும் முன்னால் நிற்காமல் ஒரு மருந்து இவ்வளவு தூரம் வந்தது சாதாரண விஷயமில்லை.

இதற்கெல்லாம் முன்னோடி இலங்கையின் சேனக பிபிலே. மருந்தியல் பேராசிரியர். 1971ல் அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் அவர் முயற்சியில் உருவாகி, வணிகப் பெயர்களை ஒதுக்கி மூலப் பெயரில் மொத்தமாக மருந்து வாங்கியது. அந்த அனுபவத்தை மற்ற ஏழை நாடுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஐ.நா. பணியில் இருந்தபோதே 1977ல் கயானாவில் இறந்தார். அதே ஆண்டுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வந்தது. 1982ல் வங்காளதேசம் தேவையற்ற 1,700க்கும் மேற்பட்ட மருந்துகளை நீக்கியது. எங்கள் படிப்பில் பிபிலேயின் பெயர் வரவே இல்லை. வந்திருக்க வேண்டும்.

நாம் படிக்க வைத்தவர்கள் பணக்கார நாட்டுக்குப் போய்விட்டால்?

போகத்தான் செய்வார்கள், எல்லோரையும் பிடித்து வைக்க முடியாது. ஏழை நாட்டு மருத்துவ ஊழியர்களை வரைமுறையில்லாமல் இழுக்கக் கூடாது என்று 2010ல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நடத்தை விதி கொண்டுவந்தது. அது கட்டாயச் சட்டம் இல்லை. நம் பிள்ளைகளும் 2016க்குப் பிறகு அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த வேலையில்தான் சேர்கிறார்கள், சிங்கப்பூர்ப் பக்கம் பார்ப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நிலையான பதவியும் மேற்படிப்புக்கு வழியும் இருந்தால் பலர் இருப்பார்கள்.

அமெரிக்கா நிதியை நிறுத்திவிட்டதே, இனி என்ன ஆகும்?

2025ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டபோது ஆப்பிரிக்காவில் மருந்து விநியோகம், எச்.ஐ.வி. சிகிச்சை, தரச் சோதனை ஆகியவற்றில் பல திட்டங்கள் நின்றுபோயின. ஊழியர் சம்பளம் முழுக்க வெளிநாட்டுப் பணத்தில் ஓடிய இடங்களில் அடி பலமாக விழுந்தது. உள்ளூர் அரசின் சம்பளப் பட்டியலில் இருந்த ஆசிரியர் அடுத்த நாளும் வகுப்புக்கு வந்திருப்பார்.

என் மகள் பார்மசி மூன்றாம் ஆண்டு. விடுமுறையில் வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகலாமா?

போகலாம், ஆனால் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்ற எண்ணத்தோடு. இரண்டு வாரத்தில் அவள் அங்கே யாருக்கும் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. இங்கே செய்ய அனுமதியில்லாத எதையும் அங்கே செய்யக் கூடாது. ஊசி போடச் சொன்னால் மறுக்க வேண்டும்.

உண்மையில் உதவ வேண்டுமென்றால் பட்டம் முடித்து, ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் முடித்து, முழுப் பதிவு பெற்று, மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு போகட்டும். குறைந்தது ஆறு மாதமாவது ஒரே இடத்தில் இருக்கட்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அவள் வகுப்பிலேயோ வளாகத்திலேயோ வெளிநாட்டு மாணவர்கள் இருப்பார்கள். வார்டில் நோயாளியின் பேச்சு அவர்களுக்குப் புரியாது. மலாயில் நான்கு கேள்வி, தமிழில் நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தால்கூட அவர்கள் வேலை பாதி சுலபமாகும். அப்புறம், வாடகைக்கு வீடு தேடும்போது கூடப் போங்கள் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரர் என்றதும் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்கள் இங்கே குறைவில்லை.